ஒட்டிப் போடும் ஜாவாஸ்கிரிப்ட்: யாருடைய சர்வர், யாருடைய கடிகாரம், யாருடைய எழுத்து?

வலைப்பக்கம் வைத்திருக்கும் தமிழர்களில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். வந்துபோனவர்களை எண்ணிக் காட்டும் கவுன்ட்டர், மேலிருந்து உதிரும் பூ, ஓடும் எழுத்து, கடிகாரம், "மேலும் படிக்க" பொத்தான், ஓட்டுப்பட்டை, தமிழில் தட்டச்ச ஒரு பெட்டி. எல்லாமே எங்கோ யாரோ எழுதி வைத்ததை அப்படியே எடுத்து நம்ம பக்கத்தில் போட்டுக்கொண்டதுதான். இதில் குறைச்சல் ஒண்ணும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலா சாஃப்ட்வேர் வேலையில் இருக்கேன்; இன்னிக்கும் புதுசா எழுதுவதைவிட எடுத்துப் போடுவதுதான் அதிகம்.

அப்படி எடுத்துப் போடும் துண்டோடு சேர்ந்து வேற என்னவெல்லாம் உள்ளே வருது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஒவ்வொரு துண்டும் அதை எழுதினவருடைய ஊரையும் கொஞ்சம் சுமந்துகொண்டுதான் வரும். அவருடைய சர்வர், அவருடைய கடிகாரம், அவருடைய எழுத்து. இது மூணும் நமக்குப் பொருந்துமான்னு பார்க்காம ஒட்டினா என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் இணையத்திலேயே நிறைய உதாரணம் கிடக்கு.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. என் கணக்கில் அதைவிட முக்கியமானது, அந்த நிரல் கம்பைல் ஆகி மூடிப்போகாமல் பக்கத்துக்கு உள்ளேயே வெறும் எழுத்தாகக் கிடந்தது என்பதுதான். 'வியூ சோர்ஸ்' போட்டால் அடுத்தவர் பக்கத்தில் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிடும். இந்தத் திறந்த கதவு இருந்ததால்தான் 1990களின் கடைசியில் டைனமிக் டிரைவ் மாதிரியான துண்டுக் கிடங்குகள் பெருகின. நான் பிஇ படித்த காலத்தில் ராஜபாளையம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பிடித்த பக்கத்தை ஃபிளாப்பியில் சேமித்து எடுத்து வந்து வீட்டில் பிரித்துப் பார்ப்பேன். ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டது அப்படித்தான், பாடத்திட்டத்தில் அல்ல.

ஒரு வேடிக்கை. பின்னாளில் நம்ம பதிவர்கள் பலர் தங்கள் பதிவை யாரும் திருடக்கூடாது என்று வலது கிளிக்கைத் தடுக்கும் துண்டை ஒட்டி வைத்தார்கள். அந்தத் துண்டே இன்னொருவர் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்! பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டால் அந்தப் பூட்டு காற்றில் போயிடும். திருடுகிறவருக்கு அது தெரியும். தொல்லை என்னவோ ஒரு சொல்லை அகராதியில் தேட நினைக்கும் நல்ல வாசகருக்குத்தான்.

யாருடைய சர்வர்

ஒட்டிப் போடும் துண்டுகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். முதல் வகை, வேண்டியது எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருப்பது. ஐம்பது வரியோ ஐந்நூறு வரியோ, நம்ம பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அது யாரையும் கேட்காது. இரண்டாவது வகை, பார்க்க ஒரே ஒரு வரியாக இருக்கும். அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: "இன்ன முகவரிக்குப் போய், அங்கே என்ன இருக்கோ அதை எடுத்து வந்து இங்கே ஓட்டு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புரியும்படி சொல்லணும்னா, முதலாவது பால்கோவா கிண்டும் பக்குவத்தைக் கேட்டு எழுதி வாங்கி வருவது. இரண்டாவது, தினமும் வீட்டுக்கு டப்பா வரும்படி கடையில் சொல்லி வைப்பது. டப்பாவுக்குள்ள என்ன இருக்கணும்னு ஒவ்வொரு நாளும் தீர்மானிப்பவர் கடைக்காரர். கடை கைமாறினால் புது முதலாளி. கடை மூடினால் டப்பாவே கிடையாது. ஒட்டுவதற்குச் சுலபம் இரண்டாவதுதான், அதனால்தான் அது பரவியது.

தமிழ் இணையத்தில் மிக அதிகமாக ஒட்டப்பட்ட துண்டு எதுன்னு கேட்டால் நான் தமிழ்மணம் பட்டையைத்தான் சொல்வேன். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய திரட்டி அது. யார் என்ன எழுதினார்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டும். பதிவைத் திரட்டிக்கு அனுப்பவும், கட்டைவிரலை மேலே கீழே காட்டி ஓட்டுப் போடவும் ஒரு கருவிப்பட்டை கொடுத்தார்கள். பிளாக்கர் டெம்ப்ளேட்டைத் திறந்து, பதிவின் உடல் வரும் வரியைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே ஒட்டணும். எச்டிஎம்எல் என்றால் என்னன்னே தெரியாத ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள் எல்லாம் இதைச் செய்தார்கள். வந்தேமாதரம், பிளாக்கர் நண்பன், கற்போம் மாதிரியான தொழில்நுட்பப் பதிவுகள் படம் போட்டு விளக்கியது பெரிய உதவி. ஆங்கிலத்துக்கு டைனமிக் டிரைவ் என்றால் நமக்கு இவர்கள். இந்த வரலாற்றை யாரும் சரியாக எழுதி வைக்கலை என்பது என் வருத்தம்.

அந்தக் காலப் பின்னூட்டங்களைப் பார்த்தால் "த.ம. 3", "த.ம. 5" என்று கிடக்கும். தமிழ்மணத்தில் மூணாவது ஓட்டு என்னுடையது, அஞ்சாவது என்னுடையது என்று அர்த்தம். தமிழிஷ் என்று தொடங்கி இன்ட்லி ஆன திரட்டிக்கு ஒரு பொத்தான், மற்ற திரட்டிகளுக்கு ஆளுக்கொரு பொத்தான். பதிவு ஒரு கையளவு, அதன் கீழே பொத்தான் வரிசை ஒரு முழம்.

இவை எல்லாமே இரண்டாவது வகை. இங்கே பிரவுசர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லணும். அது பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வரும். நடுவில் வெளி ஸ்கிரிப்ட்டை அழைக்கும் வரி வந்தால் சாதாரணமாக அங்கேயே நின்றுவிடும். ஏன்னா அந்த ஸ்கிரிப்ட் பக்கத்துக்குள் புதுசா எதையாவது எழுதலாம். அது முடியாமல் கீழே என்ன இருக்குன்னு பிரவுசரால் முடிவு பண்ண முடியாது. அந்த வெளி சர்வர் சுறுசுறுப்பாக இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடியும். சர்வர் "நான் இல்லை" என்று உடனே சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால்தான் ஆபத்து: பக்கம் பாதியில் நிற்கும், வாசகர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பதிவின் உடலுக்குக் கீழே ஒட்டியதால் முகப்பில் பத்துப் பதிவு இருந்தால் அழைப்பும் பத்து. பிறகு திரட்டிகள் பலவும் ஓய்ந்துபோயின. பட்டைகளை ஒட்டிய கை அவற்றைக் கழற்றவே இல்லை.

இப்போது இதற்கு மருந்து இருக்கு. அழைக்கும் வரியில் 'டெஃபர்' என்றோ 'அசிங்க்' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால், பிரவுசர் காத்திருக்காமல் கீழே போயிடும். (தமிழில் எழுதினால் இரண்டாவது பேர் ஒரு மாதிரிதான் இருக்கு, என்ன செய்ய.) ஆனா பழைய துண்டுகளில் பல, வாசிப்பு நடக்கும்போதே பக்கத்துக்குள் எழுதும் பாணியில் அமைந்தவை. அவற்றோடு இந்தச் சொற்கள் ஒத்துப்போகாது.

துண்டுக்கு மேல் துண்டு விழுந்த கதை ஒன்றும் உண்டு. 2012 ஜனவரி வாக்கில், இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு பிளாக்கர் முகவரிகளின் வாலை 'டாட் காம்' என்பதிலிருந்து 'டாட் இன்' என்று கூகுள் மாற்றியது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி ஒரு பதிவை நீக்கச் சொன்னால் அந்த நாட்டில் மட்டும் நீக்கலாம் என்பது ஏற்பாடு. வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா திரட்டிக்கு முகவரிதான் அடையாளம். 'காம்' என்று பதிவு செய்த வலைப்பூ 'இன்' என்று வந்து நின்றால் அது வேற ஆள். ஓட்டுப்பட்டை முழித்தது.

உடனே ஒரு துண்டு பரவியது. அதன் வேலை எளிது. பக்கத்தின் முகவரியை எடு. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது 'காம்' இல்லை என்றால், முதல் புள்ளிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் வெட்டி எடுத்து, அதோடு பிளாக்ஸ்பாட் டாட் காம் என்பதையும், நாட்டு முகவரிக்குத் திருப்பாதே என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறியையும் சேர்த்து, வாசகரை அங்கே அனுப்பு. ஐந்தாறு வரி. பலருடைய பக்கத்தில் பட்டை மறுபடி உயிர் பெற்றது. நல்ல துண்டுதான், முதல் வகையும்கூட. யாரையும் கேட்காது.

ஆனா அதற்குள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கு: இந்தப் பக்கம் என்றைக்கும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருக்கும். ஒருவர் பின்னாளில் ஆசையாகச் சொந்தமாக ஒரு 'டாட் இன்' முகவரி வாங்கி, பழைய டெம்ப்ளேட்டையே வைத்துக்கொண்டார் என்று வையுங்க. துண்டு வாலைப் பார்க்கும், 'காம்' இல்லை. முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பதை வெட்டும். அங்கே இருப்பது 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ'. வாசகரை அந்தப் பெயரோடு பிளாக்ஸ்பாட்டுக்கு அனுப்பி வைக்கும். சொந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே வேறெங்கோ திருப்பி விடும் காவலாளி!

2018 மே மாதத்தோடு பிளாக்கர் அந்த நாட்டு வாலை விட்டுவிட்டது. துண்டு தேவையற்றுப் போனது. அதோடு முடியலை. 2020-ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியே கூகுளின் கையை விட்டுப் போனது. 2012 முதல் 2018 வரை நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட இணைப்புகளில் எத்தனை அந்த வாலோடு இருந்தன! பதிவு இன்றும் 'காம்' முகவரியில் பத்திரமாக இருக்கும். அதைச் சுட்டும் பழைய இணைப்பு மட்டும் செத்துப்போயிருக்கும். ஊர் வரலாற்றுக் குறிப்புகளுக்காகப் பழைய வலைப்பூக்களைத் தோண்டும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறிப்பு: அப்படிச் செத்த இணைப்பு கண்ணில் பட்டால், வாலை 'காம்' என்று மாற்றிப் பாருங்க. பல சமயம் பதிவு எழுந்து வரும்.

முதல் வகைக்கு நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கு. யாழ்ப்பாணத் தமிழரான சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றி. யூனிகோடுக்கு முன்னால் தமிழில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு: பாமினி, திஸ்கி, டாப், இன்னும் எத்தனையோ. பழைய கோப்பை இந்தப் பெட்டியில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் யூனிகோடாக மாறி வந்துவிடும். வேலை முழுக்க ஜாவாஸ்கிரிப்டில், பார்க்கிறவரின் பிரவுசரிலேயே நடக்கும். மாற்ற வேண்டியவை எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரிசை வரிசையாக இருக்கும், "இது வந்தால் அதைப் போடு" என்று. அதே காலத்தில் கூகுளும் பெட்டிக்குள் தமிழில் தட்டச்ச ஒரு துண்டு கொடுத்தது. ஒட்டுவது ரொம்பச் சுலபம். எழுத்தாக்கம் நடப்பதோ கூகுளின் சர்வரில். 2011 மே மாதம் அந்தச் சேவையைக் கைவிடப்போகும் பட்டியலில் கூகுள் சேர்த்தது. பெரிய நிறுவனம் கொடுத்தது என்பதால் ஒரு துண்டு நீடிக்கும் என்று சொல்ல முடியாது.

நின்றுபோவது ஒரு தொல்லை. அதைவிட மோசம், நிற்காமல் கைமாறுவது. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பிக் கொடுக்கும் ஒரு பிரபலமான துண்டு இருந்தது, பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரியில். 2024 பிப்ரவரியில் அந்த முகவரி ஒரு சீன நிறுவனத்திடம் போனது. அதை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் அப்போதே, உடனே கழற்றுங்கள் என்று எச்சரித்தார். ஜூன் மாதம் பார்த்தால், அதே வரி வாசகர்களை வேறு தளங்களுக்குத் திருப்பி விடும் நிரலை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த வரி இருந்ததாகக் கணக்கு. யாரும் தங்கள் பக்கத்தில் எதையும் மாற்றலை. கடை கைமாறியது, அவ்வளவுதான்.

பக்கத்துக்குள் வந்துவிட்ட ஸ்கிரிப்டுக்கு அந்தப் பக்கத்தில் எல்லா உரிமையும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பூ உதிர்க்க வந்த துண்டு பூ மட்டும்தான் உதிர்க்கும் என்று பிரவுசர் கட்டுப்படுத்தாது. பக்கத்தில் ஒரு படிவம் இருந்தால், அதில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது படிக்கலாம், வேறெங்காவது அனுப்பலாம். 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மாடர்னைசர் என்ற ரெடிமேட் ஸ்கிரிப்ட் கோப்பின் கடைசியில் 22 வரிகளைச் சேர்த்து, பணம் கட்டுபவர்களின் அட்டை விவரங்களைத் திருடினார்கள். அந்தக் கோப்பு அவர்களுடைய சொந்த சர்வரில்தான் இருந்தது. நம்மிடம் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, அது மாறாமல் இருக்கான்னும் பார்க்கணும்.

அது லண்டன் கதை என்று விட்டுவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இணையத்தில் ஆர்டர் எடுக்கும் சின்னக் கடைகளும் இருக்கு. ஒரு கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். ஒரே பக்கம்தான்: படம், விலை, கீழே பேர், போன் நம்பர், வீட்டு முகவரி எழுதும் படிவம். அந்த ஒரு பக்கம் ஐந்து வெளி முகவரிகளிலிருந்து ஸ்கிரிப்ட் இறக்கியது. பூ உதிர்க்க ஒன்று, படம் மாற்ற ஒன்று, வந்தவரை எண்ண ஒன்று, பேச்சுப் பொத்தானுக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கென்று அவருக்கும் தெரியலை, செய்து கொடுத்தவருக்கும் ஞாபகம் இல்லை. வாடிக்கையாளர் போன் நம்பரை எழுதிய நோட்டை அவர் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டுகிறவர். இங்கே ஐந்து பேருக்குச் சாவி கொடுத்திருந்தார். பூவையும் படத்தையும் அவருடைய இடத்திலேயே கோப்பாக வைத்தோம். மற்ற மூன்றையும் எடுத்துவிட்டோம். ஆர்டர் ஒன்றும் குறையலை.

உங்க பக்கத்தில் இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, எஃப் 12 அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதியில் ஸ்கிரிப்ட் மட்டும் காட்டச் சொல்லி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்க. ஒவ்வொரு கோப்பும் எந்த முகவரியிலிருந்து வருதுன்னு வரிசையா வரும். வெளியே இருந்துதான் வந்தாகணும் என்றால், அழைக்கும் வரியிலேயே அந்தக் கோப்பின் கைரேகையைச் சேர்க்கும் வசதி இருக்கு, 'இன்டெக்ரிட்டி' என்று பேர். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்டாது.

யாருடைய கடிகாரம்

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிடறேன். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் துண்டுகளை ஊர்ப் பக்கங்களில் பார்க்கலாம். ரெடிமேட் துண்டில் தேதி போடும் இடத்தில் மூன்று குழி இருக்கு. ஜாவாஸ்கிரிப்டில் மாதம் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆகஸ்ட் என்று நினைத்து 8 போட்டால் அது செப்டம்பர். இரண்டாவது, வருஷம்-மாதம்-நாள் என்று கோடு போட்டுத் தேதியை மட்டும் கொடுத்தால் அது யூடிசி நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். நம்ம ஊரில் விடிகாலை 5:30. மூன்றாவது, நேரத்தையும் சேர்த்துக் கொடுத்து மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால், பார்ப்பவர் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இருக்கும் ராஜபாளையத்துக்காரருக்குத் தேர் இரண்டரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடும். நேரத்தின் கடைசியில் கூட்டல் 05:30 என்று சேர்த்தால் தீர்ந்தது.

பிரவுசருக்குள்ளேயே 'இண்டியன்' என்ற பெயரில் ஒரு நாட்காட்டி இருக்கு. அதைப் போட்டால் தமிழ்த் தேதி வரும் என்று நம்பிவிடக் கூடாது. அது மார்ச் 22-ல் (லீப் வருஷம் என்றால் 21-ல்) தொடங்கும் சக தேசிய நாட்காட்டி. நம்ம சித்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூர நட்சத்திரம் எந்த நாளில் வருதுன்னு வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்த்துக் கையால் போடுவதுதான் வழி.

யாருடைய எழுத்து

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ரெடிமேட் துண்டு எழுதியவர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனசில் வைத்து எழுதியவர். ஒரு எழுத்து, ஒரு இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரை எழுதி விரல் விட்டு எண்ணுங்க: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். எட்டு. ஜாவாஸ்கிரிப்டிடம் இதன் நீளம் கேட்டால் 18 என்று சொல்லும். ராஜபாளையம் நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. ஏன்னா யூனிகோடில் 'வி' என்பது 'வ' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. 'ல்' என்பது 'ல' ஒன்று, புள்ளி ஒன்று.

இதனால் என்னென்ன உடையும்? ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக் காட்டும் துண்டு இருக்கே, தட்டச்சு இயந்திரம் மாதிரி, அதைத் தமிழில் போட்டுப் பாருங்க. முதலில் 'ஸ' வரும், அப்புறம் தலையில் புள்ளி, அப்புறம் ஒரு 'ர', பிறகு திடீரென்று எல்லாம் சேர்ந்து 'ஸ்ரீ' ஆகும். 'கொ' என்ற எழுத்தில் 'க' வந்து உட்கார்ந்த பிறகு அதை வலப்பக்கம் தள்ளிவிட்டு முன்னால் கொம்பு முளைக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுக்கும் துண்டு இன்னும் கொடுமை. மெய்யையும் குறியையும் தனித்தனிப் பெட்டியில் போடும். தனியாக நின்ற குறி ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். பழைய நில ஆவணங்களில் வரும் பின்னக் குறிகள் 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு இடம். ஒவ்வொன்றாக வெட்டும் துண்டு அவற்றைப் பாதியாகப் பிளந்துவிடும்.

தற்செயலாகத் தப்பித்ததும் உண்டு. பிளாக்கரில் பரவலாக ஒட்டப்பட்ட "மேலும் படிக்க" துண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் டக்கென்று வெட்டாது. அடுத்த இடைவெளி வரும் வரை நகர்ந்து போய் அங்கேதான் வெட்டும். எழுதியவர் ஆங்கிலச் சொல் பாதியில் முறியக் கூடாதுன்னு நினைத்தார்; நம்ம எழுத்தும் அதனால் பிழைத்தது.

சரியான வழி இப்போது பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது. செக்மென்டர் என்ற வசதி, உரையை மனிதர் பார்க்கும் எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். குரோமில் 2020-லேயே வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது என்பதால் ரொம்ப நாள் தைரியமாகப் பயன்படுத்த முடியலை. இனி பயமில்லை. பழைய துண்டில் "ஒவ்வொன்றாகப் பிரி" என்று வரும் ஒரே ஒரு வரியை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

தேடல் துண்டுகள் வேற ரகம். பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேடி மஞ்சள் பூசும் துண்டுகளில் பல, முழுச் சொல்லாகத் தேடுவதற்கு 'சொல்லின் எல்லை' என்ற குறியைப் பயன்படுத்தும். ஜாவாஸ்கிரிப்டின் அகராதியில் சொல் என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. தமிழ் அதற்குச் சொல்லே இல்லை! எனவே அந்தத் துண்டு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கவே செய்யாது. பிழைச் செய்தியும் வராது, வெறுமனே "இல்லை" என்று சொல்லும். 2018-க்குப் பிறகு யூனிகோடு வகையைக் கொண்டு தேடலாம். அங்கேயும் 'எழுத்து' என்ற வகை மட்டும் போட்டால் உயிர்மெய்யின் கொக்கியும் புள்ளியும் விட்டுப்போகும். 'குறி' என்ற வகையையும் சேர்க்கணும்.

வரிசைப்படுத்தும் துண்டு 'பழம்' என்பதற்கு முன்னால் 'பனை'யை வைக்கும். யூனிகோடு அட்டவணையில் 'ன' முன்னால் உட்கார்ந்திருக்கு. நம்ம நெடுங்கணக்கில் அது கடைசி மெய். ஒப்பிடும் இடத்தில் தமிழ் என்று மொழியைச் சொல்லி கொலேட்டர் என்ற வசதியைக் கொடுத்தால் சரியாகும்.

ஊர்ப்பெயர் தேடுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஸ்ரீ என்பதை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம். 2005-ல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், தேடலுக்கு இரண்டும் வேறு. நார்மலைஸ் என்ற வசதி, கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய 'கொ'வை ஒன்றாக்கிவிடும். இந்த இரண்டு ஸ்ரீயை ஒன்றாக்காது. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், இராசபாளையம் என்ற வடிவங்களும் இருக்கு. இதற்கு ரெடிமேட் துண்டு கிடையாது. என் குறிப்புகளுக்கான தேடல் பெட்டியில் இந்த வடிவங்களை எல்லாம் ஒரு பட்டியலாகக் கையால்தான் எழுதி வைத்திருக்கேன்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த செக்மென்டரிடமே ஸ்ரீவில்லிபுத்தூர் எத்தனை எழுத்துன்னு கேட்டால் ஒன்பது என்கிறது. 'ஸ்' ஒன்று, 'ரீ' ஒன்று. இலக்கணப்படி அது சொல்வதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனா தட்டச்சு விளைவில் ஸ்ரீ இரண்டாக உடைந்து வந்தால் பார்க்கச் சகிக்காது. அதனால் 'ஸ்' அல்லது 'ஶ்' வந்து, அடுத்தது 'ரீ'யாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டு என்று கூடுதலாக இரண்டு வரி எழுதிக்கொண்டேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். முதல் வகைதான், யாரையும் கேட்காது.